அக்காவுக்கு என்ன தண்டனை கிடைக்கும்?

கேள்வி: என் அக்காவுக்கு 34 வயது. கல்யாணமாகி 12 வருடம் ஆகிறது. 11 வயதில் ஒரு மகள், 7 வயதில் ஒரு மகன். மாமா குடித்துவிட்டு வந்து அடிக்காத வாரமே கிடையாது. மூன்று முறை அக்கா பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று முறையும் பெரியவர்கள் பேசி, நாங்கள்தான் திருப்பி அனுப்பி வைத்தோம். கடந்த ஆண்டு நவம்பரில் ஒரு நாள் இரவு மகளையும் சேர்த்து அடித்திருக்கிறார். “விடியட்டும், மூணு பேரையும் முடிச்சிடறேன்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அக்கா குழவிக்கல்லால் அவர் தலையில் அடித்துவிட்டாள். விடிந்ததும் அவளே காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். இப்போது சிறையில் இருக்கிறாள். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, விசாரணை தொடங்கப் போகிறது. எங்கள் வக்கீல், “கடைசியில் தண்டனை பற்றிக் கேட்பார்கள், அப்போது பிள்ளைகளைச் சொல்லிக் கருணை கேட்டுக்கொள்ளலாம்” என்கிறார். சொந்தக்காரர்கள், “வெளியாள் யாரோ வந்து அடித்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள்” என்கிறார்கள். தூக்கா, ஆயுளா? குறைய வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உங்களை அதிகம் பயமுறுத்துவது தூக்கு என்ற சொல் என்று தெரிகிறது. முதலில் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். நம் நாட்டில் கொலைக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டுமானால் நீதிபதி அதற்குச் சிறப்புக் காரணங்களை எழுதியாக வேண்டும். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதிலும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று வரையறுத்தது. குற்றவாளிக்குச் சாதகமாகப் பார்க்க வேண்டியவை என்று அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்டவற்றில் முதலில் வருவதே, கடுமையான மன உளைச்சலில் செய்யப்பட்ட குற்றமா என்பதுதான். 12 வருடம் அடி வாங்கி, பிள்ளைக்கும் அடி விழுந்த இரவில் இப்படிச் செய்துவிட்டு, விடிந்ததும் தானே போய்ச் சரணடைந்த ஒரு தாய் அந்த அரிதிலும் அரிதான வகைக்குள் வரமாட்டார். அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் வக்கீல் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. கடைசியில் கருணை கேட்டுக்கொள்ளலாம் என்பது திருட்டு, அடிதடி வழக்குகளில் பலிக்கும். கொலை வழக்கில் பலிக்காது. காரணம் ரொம்ப எளிது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 103-ஆம் பிரிவில், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-இல், கொலை என்று தீர்ப்பாகிவிட்டால் நீதிபதியின் கையில் இருப்பது இரண்டே தண்டனைகள்: மரணம், இல்லையென்றால் ஆயுள். ஏழு வருடம், பத்து வருடம் என்று குறைக்க அவருக்கு அதிகாரமே கிடையாது. நீதிபதிக்கே மனம் இளகிக் கண் கலங்கினாலும் ஆயுளுக்குக் கீழே அவரால் இறங்க முடியாது. தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று அவர் கேட்கும் நாளில் உங்கள் அக்கா இரண்டு பிள்ளைகளையும் காட்டி அழுதாலும் கிடைக்கப்போவது ஆயுள் தண்டனைதான்.

ஆயுள் என்றால் 14 வருடம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஆயுள் தண்டனை என்றால் வாழ்நாள் முழுவதும் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவரை அரசு முன்விடுதலை செய்ய நினைத்தாலும், குறைந்தது 14 வருடம் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த 14-இன் கதை. அப்போதும் அது உரிமை ஆகாது, அரசு பரிசீலித்து முடிவெடுக்கும் விஷயம். உங்கள் அக்கா மகளுக்கு அப்போது 25 வயது தாண்டியிருக்கும்.

அப்படியானால் வழி எங்கே இருக்கிறது? நீதிமன்றத்தில் நாங்கள் “302-ஐ 304-க்குக் கொண்டுவருவது” என்று பேசிக்கொள்வோம். புதிய சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்பதால் உங்கள் வழக்குக்குப் புதிய எண்கள்தான். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றம் பழைய சட்டத்தில் 304, இப்போது 105-ஆம் பிரிவு. அதில் இரண்டு பகுதிகள். கொல்லும் எண்ணத்தோடு, அல்லது மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணத்தோடு செய்ததென்றால் ஆயுள், அல்லது 5 முதல் 10 வருடம் வரை. மரணம் நேரலாம் என்று தெரிந்தும், கொல்லும் எண்ணம் இல்லாமல் செய்ததென்றால் அதிகபட்சம் 10 வருடம். அக்கா இதுவரை உள்ளே இருந்த நாட்களும் அதில் கழியும். 103-க்கும் 105-க்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் உங்கள் குடும்பத்தின் அடுத்த பத்துப் பதினைந்து வருடம். அதைத் தீர்மானிக்கப்போவது விசாரணை. தண்டனை பற்றிய கேள்வி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இனி சட்டம் உங்கள் அக்காவை எப்படிப் பார்க்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் நினைப்பது தற்காப்பு. உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான பயம் இருந்தால், தாக்குபவரைக் கொல்லும் அளவுக்குக்கூட தற்காப்பு உரிமை நீளும். 2013-இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தன்னை அடித்துக்கொண்டிருந்த கணவனின் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி ஒரு பெண் திருப்பி அடித்துவிட்டார், அவர் இறந்துபோனார். ஆண்டுக்கணக்காக அடி வாங்கும் பெண்ணின் மனநிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் குற்றத்தைக் குறைத்தது. ஆனால் அங்கே அடி விழுந்துகொண்டிருந்த நேரம் அது. உங்கள் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரிடமிருந்து என்ன ஆபத்து, காவல் நிலையத்துக்குப் போக நேரம் இருந்ததே என்று அரசு வக்கீல் கேட்பார். அந்தக் கேள்வியைத் தாண்டுவது கடினம். தற்காப்பை மட்டுமே நம்பி வழக்கை நடத்தச் சொல்லி நான் உங்களுக்கு ஆலோசனை கூறமாட்டேன்.

அடுத்தது ஆத்திரமூட்டல். கடுமையாகவும் திடீரென்றும் ஆத்திரமூட்டப்பட்டு, தன்னிலை இழந்து செய்தால் அது கொலை ஆகாது என்பது 1860-இல் எழுதப்பட்ட விதிவிலக்கு. இதற்கான அளவுகோலை 1961-இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. நானாவதி என்ற கடற்படை அதிகாரி, வேறொருவருடன் தனக்கு உறவு இருப்பதை மனைவி ஒப்புக்கொண்ட பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பி, குடும்பத்தைத் திரையரங்கில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வந்து அந்த ஆளைச் சுட்டார். நடுவில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆத்திரம் ஆற அது போதுமான நேரம் என்று சொல்லி விதிவிலக்கை மறுத்துவிட்டார்கள். உங்கள் அக்கா காத்திருந்தது ஒரு மணி நேரம். அரசுத் தரப்பு நானாவதி வழக்கைத்தான் முதலில் எடுத்துப் போடும்.

இந்தத் “திடீர்” என்ற சொல்லின் மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. யாருடைய கோபம் திடீரென்று வெடிக்கும்? எதிரில் இருப்பவரைக் கையாலேயே வீழ்த்தக்கூடிய பலம் உள்ளவருடைய கோபம். தன்னைவிட இரண்டு மடங்கு பலமானவன் அடிக்கும்போது அந்தக் கணத்திலேயே திருப்பி அடித்தால் செத்துவிடுவோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவள் அவன் தூங்கும்வரை காத்திருப்பது நிதானத்தினால் அல்ல, பயத்தினால். மனைவியைக் கொன்ற கணவர்களின் வழக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன். “அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், ஆத்திரத்தில் கை ஓங்கிவிட்டேன்” என்ற வாதம் இந்த விதிவிலக்குக்குள் சுலபமாகப் பொருந்திவிடுகிறது. ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், குடிப்பதற்கு நகை தராத மனைவி மேல் கணவன் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தான். எரியத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்த்தான் என்பதற்காக, கொல்லும் எண்ணம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவன் குற்றத்தைக் குறைத்தது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் இருக்கட்டும். அவ்வளவு நுணுக்கமாக அவனுடைய மனதுக்குள் போய்ப் பார்க்க முடிந்த சட்டத்தால் உங்கள் அக்காவின் மனதுக்குள்ளும் போய்ப் பார்க்க முடியும். அதை நாம்தான் கேட்க வேண்டும். 2023-இல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது அந்த ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

சரி, கதவு மூடிவிட்டதா என்றால் இல்லை. அந்தக் கதவைத் திறந்து வைத்தது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 1989-இல் சுயம்புக்கனி வழக்கு. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாய். பிள்ளைகள் இறந்துவிட, அவர் மட்டும் பிழைத்தார். கொலை வழக்கு. அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம், சட்டத்தில் எழுதியிருக்கும் திடீர் ஆத்திரமூட்டலோடு நின்றுவிட முடியாது, நாளாக நாளாகச் சேர்ந்துகொண்டே வந்து கடைசியில் ஒரு சிறு நிகழ்வில் உடைந்துவிடும் தொடர் ஆத்திரமூட்டல் என்று ஒன்று உண்டு, அதுவும் விதிவிலக்காகக் கருதப்பட வேண்டும் என்றது. அந்த மனநிலைக்கு நீதிமன்றம் வைத்த பெயர் நல்லதங்காள் மனநிலை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளை நமக்குச் சட்டப் புத்தகம் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு தாய் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறாள் என்பது தெரிந்த மண்ணில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. சென்னை உயர் நீதிமன்றம் பிறகு வந்த வழக்குகளிலும் அதைப் பின்பற்றியிருக்கிறது.

இது இங்கே மட்டும் பேசும் வாதமாக நின்றுவிடவும் இல்லை. 2022-இல் சத்தீஸ்கரைச் சேர்ந்த தௌவாராம் நிர்மல்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமே தொடர் ஆத்திரமூட்டலை ஏற்றுக்கொண்டது. குடித்துவிட்டு வந்து ஓயாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்த உடன்பிறந்தவரைக் கொன்ற வழக்கு. கடைசியாக நடந்த நிகழ்வு திடீரென்று இருக்க வேண்டும், ஆனால் அது எவ்வளவு கடுமையானது என்பதை அதற்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆயுள் தண்டனையை மாற்றி, ஏற்கனவே அனுபவித்த பத்து வருடத்துக்கும் மேலான சிறையே போதும் என்று விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இறந்தவரின் முந்தைய செயல்கள் உண்டாக்கிய மனநிலையைக் கணக்கில் எடுக்கலாம் என்று நானாவதி தீர்ப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. அரசுத் தரப்பு அந்தத் தீர்ப்பை எடுத்துப் போட்டால், அந்த வரியை உங்கள் வக்கீல் வாசித்துக் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண்ணின் வழக்கு உங்கள் அக்கா வழக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். பத்து வருடக் கொடுமைக்குப் பிறகு, 1989-இல், படுத்திருந்த கணவனுக்குத் தீ வைத்தார். முதலில் ஆயுள் தண்டனை. 1992-இல் மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மனநிலை பாதிப்பின் அடிப்படையில் குற்றம் குறைந்து, அதுவரை உள்ளே இருந்த மூன்று வருடம் நான்கு மாதத்தோடு வெளியே வந்தார். அங்கே 2009-இல் சட்டத்தையே மாற்றி, தன்னிலை இழப்பது திடீரென்று இருக்க வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்கள். நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் காத்திருந்ததனாலேயே திட்டமிட்டாள் என்று ஆகாது என்பதைப் புரியவைக்க உதவும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொடர் ஆத்திரமூட்டலை எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. செஷன்ஸ் நீதிமன்றத்தில் மறுக்கப்பட்டு உயர் நீதிமன்றத்தில் கிடைப்பதும் உண்டு. ஆனால் உயர் நீதிமன்றம் புதிதாகச் சாட்சி கூப்பிட்டு விசாரிப்பது அபூர்வம். கீழே பதிவானதை வைத்துத்தான் மேலே பேச முடியும். அக்காவின் 12 வருடம் இப்போது நடக்கப்போகும் விசாரணையில் காகிதத்தில் ஏறவில்லை என்றால், அப்புறம் எந்த நீதிமன்றத்திலும் ஏறாது. விதிவிலக்கு இருக்கிறது என்று காட்டும் பொறுப்பும் குற்றம்சாட்டப்பட்டவருடையதுதான். ஆனால் அரசுத் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பக்கூடிய அளவுக்குக் காட்டினால் போதும்.

அதனால்தான் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனையைக் கையாலும் தொடாதீர்கள். பூட்டிய வீட்டுக்குள் நடந்தது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும், அவர்தான் விளக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் எதிர்பார்க்கிறது. வெளியாள் வந்தான் என்ற பொய் உடைந்தால், அந்தப் பொய்யே அக்காவுக்கு எதிரான இன்னொரு கண்ணி ஆகிவிடும். அது மட்டும் இல்லை. நான் அடிக்கவேயில்லை என்று சொன்ன வாயால், இத்தனை வருடக் கொடுமையால்தான் அடித்தேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொய் அக்காவுக்கு இருக்கும் ஒரே நல்ல வாதத்தைக் கொன்றுவிடும். காவல் நிலையத்தில் அவர் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாக வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தானே நடந்துபோய்ச் சரணடைந்தார் என்பது அவருக்குச் சாதகமான செய்தி. அதை ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது வேலைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு மேல்முறையீட்டில், கட்டு கட்டாக இருந்த ஆவணங்களுக்கு நடுவே மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பிகள், அதாவது காயத்தோடு வருபவரைப் பற்றி எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்கள், மூன்று கிடைத்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: தவறி விழுந்ததாகச் சொல்கிறார். புகுந்த வீட்டார் யாராவது கூடவே நிற்கும்போது எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்லுவாள். கீழ் நீதிமன்றத்தில் அவற்றை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூட இருந்த எக்ஸ்ரே குறிப்பில், இடது முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருப்பதாக இருந்தது. விழும்போது கையை ஊன்றுவோம், அப்போது பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். முகத்தைக் காப்பாற்ற முன்கையைத் தூக்கி அடியைத் தாங்கும்போதுதான் பெரும்பாலும் அந்த எலும்பு மட்டும் அந்த இடத்தில் உடையும். எந்த எலும்பு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அந்த மருத்துவரைக் கூண்டில் ஏற்றி இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் வழக்கு வேறு திசையில் போயிருக்கும். விசாரணையில் கேட்காமல் விட்டதால் மேலே நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

அக்கா எந்த மருத்துவமனையில் எப்போது சிகிச்சை எடுத்தார் என்று ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டு எழுதுங்கள். பல் உடைந்தது, காதில் அடி விழுந்து கேட்காமல் போனது, கருக்கலைந்தது, எதையும் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். மகளிர் காவல் நிலையத்துக்கு என்றைக்காவது போயிருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் கொடுத்ததற்கான சீட்டு, இருக்கும். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி எழுதி வாங்கிய காகிதம் இருக்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைத்திருந்தால் அதற்கும் பதிவு இருக்கும். உங்கள் செல்போனில் அக்கா அனுப்பிய குரல் பதிவுகள், இரவில் அழைத்த நேரங்கள், வீங்கிய முகத்தோடு ஏதாவது ஒரு விசேஷப் படத்தில் நிற்பது, எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். செல்போனை மாற்றாதீர்கள். பக்கத்து வீட்டார், அக்கா வேலை பார்த்த இடத்தில் இருந்தவர்கள், பிள்ளைகளின் ஆசிரியர்கள் என்று யாருக்குத் தெரியுமோ அவர்களின் பட்டியலை வக்கீலிடம் கொடுங்கள். அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும்போதே இந்தக் கேள்விகள் தொடங்கிவிட வேண்டும். மாமாவின் அம்மாவிடம்கூட, உங்கள் மகன் குடிப்பாரா, மருமகள் எத்தனை முறை வீட்டை விட்டுப் போனார் என்று கேட்கலாம். சில நேரம் அவர்கள் வாயிலிருந்தே உண்மை வந்துவிடும்.

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி அக்காவிடம் ஒவ்வொரு சாட்சியத்தையும் சொல்லி விளக்கம் கேட்பார். பெரும்பாலானவர்கள் எல்லாவற்றுக்கும் “பொய்” என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அக்கா அப்படிச் செய்யக் கூடாது. நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்து மூலமாகவே விரிவான வாக்குமூலம் தாக்கல் செய்யலாம். கல்யாணமான வருடத்திலிருந்து அந்த இரவு வரை, அவர் சொல்லச் சொல்ல, அவருடைய வார்த்தையிலேயே எழுதப்பட வேண்டும். வக்கீல் பாஷை வேண்டாம். மனநல மருத்துவர் ஒருவர் அவரைச் சிறையிலேயே பார்த்து அறிக்கை தர அனுமதி கேட்டு மனு போடச் சொல்லுங்கள். புத்தி பேதலித்திருந்தார் என்று வாதிடுவதற்காக இல்லை. அந்த விதிவிலக்குக்கான அளவுகோல் மிக உயரம், எட்டாது. நீண்ட கால அடிக்கு ஆளானவரின் பயம் எப்படி வேலை செய்கிறது, விடியட்டும் என்று மாமா சொன்னதை அக்கா ஏன் வெறும் மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை விளக்கத்தான்.

உங்கள் வக்கீலை உடனே மாற்றச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள், சுயம்புக்கனி வழக்கையும் நிர்மல்கர் வழக்கையும் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கு இதில் ஈடுபாடு இல்லை என்று தெரிந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் பேசலாம். ஜாமீனுக்கும் மறுபடி முயற்சி செய்யலாம். கொலை வழக்கிலும் பெண் என்பதைக் கருத்தில் கொண்டு ஜாமீன் தர சட்டம் இடம் கொடுக்கிறது. சரணடைந்தவர், ஓடிப்போக மாட்டார், இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடும். ஒருவேளை தீர்ப்பு பாதகமாக வந்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம்.

அக்கா மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவளை அரசுத் தரப்பே சாட்சியாகச் சேர்த்திருக்கக்கூடும். கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் சிறுபிள்ளையும் சாட்சி சொல்லலாம். தயவுசெய்து அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அம்மாவைக் காப்பாற்றும் பாரத்தை 11 வயதுப் பிள்ளையின் தோளில் வைக்காதீர்கள். அவள் பார்த்ததை அவள் சொன்னாலே போதும், அந்த இரவு அவள் மேல் விழுந்த அடியும் அதில் வந்துவிடும். அவளை ஒரு நல்ல குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் இப்போதே அழைத்துப் போங்கள், வழக்குக்காக அல்ல, அவளுக்காக.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒன்று. மூன்று முறையும் நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் இந்த வழக்கில் அக்கா தரப்புக்கு இருக்கும் மிகப் பலமான சாட்சியம் அதுதான். ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்று அரசு வக்கீல் கட்டாயம் கேட்பார். போனாள், மூன்று முறை போனாள், கதவைத் திறந்து உள்ளே விட்டவர்களே பேசி அனுப்பிவிட்டார்கள், போக இடம் இல்லை என்று அவளுக்கு நாங்களே கற்றுக்கொடுத்தோம் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் அம்மாவும் அப்பாவும்தான். எந்த மாதம், எந்தக் காயத்தோடு வந்தாள், யார் யார் உட்கார்ந்து பேசினார்கள், திரும்பிப் போகும்போது அவள் என்ன சொன்னாள், எல்லாம் வேண்டும். பெற்றவர்களுக்கு அது அவமானமாக இருக்கும். குறுக்கு விசாரணையில் “அப்படியானால் தப்பு உங்கள் மேல்தானே” என்றுகூடக் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல அவர்கள் தயாரா என்று இந்த வாரமே அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த முறை மனு போட்டு அக்காவைப் பார்க்கப் போகும்போது, அம்மா சாட்சி சொல்ல வருகிறார் என்ற செய்தியை அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு அந்த மூன்று தேதிகளைக் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.